வளைகுடாவில் முதல் வேலை: அனுபவம் கேட்பவர் யார்?

(பொறியியல் முடித்து வேலை தேடி வந்திருக்கும் இளைஞர்களும் அவர்களை அழைத்து வந்த உறவினர்களும் சார்ஜாவில் கூடியிருந்தபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே இரண்டு சாரார் உட்கார்ந்திருக்கிறீர்கள். விசிட் விசாவில் வந்து, நாளை எந்த கம்பெனிக்கு சிவி கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் ஒரு சாரார். அவர்களுக்கு ஒரு பெட் ஸ்பேஸ் பிடித்துக் கொடுத்து, சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து “என்னப்பா ஆச்சு, ஏதாவது கிடைச்சுதா?” என்று வரும் போனுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் அண்ணன்களும் மாமாக்களும் மச்சான்களும் இன்னொரு சாரார். உங்கள் இரு சாராரிடமும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்.

கட்டுமானத் துறையில், எம்.இ.பி. என்று நாம் சொல்கிற மின்சாரம், ஏசி, குழாய் வேலைகளில் நெடுங்காலம் இருந்தவன் நான். ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏராளமான சிவிக்களைப் பார்த்திருக்கிறேன். “ஃப்ரெஷர்” என்ற ஒரே சொல்லுக்காக நல்ல பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை எந்த கம்பெனியும் வந்தவரிடம் உட்கார்ந்து விளக்குவதில்லை. “வீ வில் கால் யூ” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தக் காரணத்தை நீங்கள் தெரிந்துகொண்டால், எந்த வாசலில் நிற்கலாம், எந்த வாசலில் நிற்பது வீண் என்பது தெரிந்துவிடும்.

சென்னையில் ஒரு பெரிய கம்பெனி கல்லூரிக்கே வந்து பிள்ளைகளை எடுக்கிறது. ‘கிராஜுவேட் என்ஜினியர் டிரெய்னி’ என்று ஒரு பதவி கொடுத்து, ஒரு வருஷம் பழக்கி, பிறகு சைட்டுக்கு அனுப்புகிறது. அந்த கம்பெனிக்கு இருபது வருஷத்துக்குப் பிறகும் ஆள் வேண்டும், அதனால் பழக்குகிறது. இங்கே நிலைமை வேறு. ஒரு காண்ட்ராக்டருக்கு ஒரு டவர் கிடைக்கிறது, முடிக்க இருபது மாதமோ இருபத்து நான்கு மாதமோ தருகிறார்கள். அந்த வேலைக்காக ஆள் எடுக்கிறார். வேலை முடிந்து அடுத்த டவர் கிடைக்காவிட்டால் அதே ஆளை அனுப்பிவிடுகிறார். 2009 கடைசியில் துபாய் வேர்ல்டு கடன் நெருக்கடி வந்தபோது இங்கே இருந்தவர்களுக்கு அது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று தெரியும். விசா, மருத்துவக் காப்பீடு, டிக்கெட் எல்லாவற்றையும் செலவழித்து ஒருவரை இறக்குமதி செய்பவர், வந்த மறுநாளே அவர் வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். வளைகுடா, வேறு ஊரில் பழகி வந்த பொறியாளரை வாங்கிக்கொள்ளும் சந்தை. பழக்குகிற இடமாக அது தன்னை அமைத்துக்கொள்ளவே இல்லை.

இது பாதிக் காரணம்தான். மீதியை கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதுதான் பெரும்பாலோருக்குத் தெரியாதது.

ஒரு சைட்டில் மூன்று தரப்பு உண்டு. பணம் போடும் கிளையண்ட், அவர் சார்பில் மேற்பார்வை பார்க்கும் கன்சல்டன்ட், கட்டும் காண்ட்ராக்டர். காண்ட்ராக்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு என்ஜினியரைச் சைட்டில் நிறுத்திவிட முடியாது. முக்கியமான பதவிகளுக்கு அவர் சிவியைக் கன்சல்டன்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். புராஜெக்ட் மேனேஜருக்கு இத்தனை வருஷம், கியூஏ/கியூசி என்ஜினியருக்கு இத்தனை வருஷம், சைட் என்ஜினியருக்கு இத்தனை வருஷம் என்று டெண்டர் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கும். இந்த நாடுகளில் பல ஒப்பந்தங்கள் ஃபிடிக் என்னும் பன்னாட்டுக் கட்டுமான ஒப்பந்த மாதிரியைப் பின்பற்றி எழுதப்படுகின்றன. அதன் 1999ஆம் ஆண்டு சிவப்புப் புத்தகத்தில் 6.9ஆம் பிரிவைப் பாருங்கள். காண்ட்ராக்டரின் ஆட்கள் அவரவர் தொழிலில் தகுதியும் திறமையும் அனுபவமும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். தவறான நடத்தை, அலட்சியம், திறமையின்மை போன்ற காரணம் இருந்தால் ஒருவரைச் சைட்டிலிருந்து நீக்கச் சொல்லும் அதிகாரம் கன்சல்டன்ட் தரப்பு என்ஜினியருக்கு உண்டு.

ஆக, ஹெச்.ஆர். பெண் உங்களிடம் “கல்ஃப் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?” என்று கேட்கும்போது, அது அவருடைய கேள்வியே இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு மேலாளர், மேலாளருக்குப் பின்னால் ஒரு கன்சல்டன்ட், கன்சல்டன்டுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தப் பிரிவு. உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்து அந்தப் பெண் மனம் இரங்கினாலும் ஒப்புதல் வாங்க முடியாத சிவியை அவர் என்ன செய்வார்?

இதற்கும் மேலே அரசுகளின் விதிகள் இருக்கின்றன. சவுதி அரேபியாவில், ஐந்து வருஷ அனுபவம் இல்லாத வெளிநாட்டுப் பொறியாளர்களை எடுப்பதை நிறுத்தும் விதியை 2018 தொடக்கத்தில் அமல்படுத்தினார்கள். சவுதி பொறியாளர் மன்றத்தில் பதிவு இல்லாமல் அங்கே என்ஜினியர் என்ற பதவியில் இருக்க முடியாது. 2024 ஜூலையிலிருந்து, ஐந்தோ அதற்கு மேலோ பொறியாளர் உள்ள தனியார் நிறுவனங்களில் நான்கில் ஒருவர் சவுதி குடிமகனாக இருக்க வேண்டும் என்றார்கள். இங்கே அமீரகத்தில் ஐம்பதோ அதற்கு மேலோ பேர் வேலை செய்யும் நிறுவனங்கள், திறன் சார்ந்த வேலைகளில் குடிமக்களின் பங்கை வருஷத்துக்கு 2 சதவீதமாகக் கூட்டி, 2026 முடிவுக்குள் 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. தங்கள் நாட்டுப் பிள்ளைக்கு முதல் வேலை கொடுக்க அவர்கள் நினைப்பது நியாயம். ஆனால் அதன் விளைவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுபவமில்லாத ஒருவரைப் பழக்க ஒரு நாற்காலி போட்டால், அந்த நாற்காலி இந்த நாட்டுப் பட்டதாரிக்குத்தான் முதலில் போகும்.

குவைத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னும் கல்லூரியில் சேராத பிள்ளைகளின் பெற்றோருக்கும் பொருந்தும். 2018இல், பொறியாளர்களின் இகாமாவை, அதாவது குடியிருப்பு அனுமதியை, புதுப்பிக்க வேண்டுமானால் குவைத் பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று அங்குள்ள மனிதவள ஆணையம் சொன்னது. இந்தியப் பட்டம் என்றால் அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ., அதாவது தேசிய அங்கீகார வாரியத்தின், அங்கீகாரம் இருக்க வேண்டும் என்றது சங்கம். ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற கல்லூரி, பல்கலைக்கழகப் பட்டம், வருஷக்கணக்கான அனுபவம் எதுவும் போதவில்லை. பல காலம் என்ஜினியராக இருந்தவர்கள் விசாவில் வேறு பதவிக்கு மாற வேண்டிய நிலை வந்தது. இந்திய அரசு பலமுறை பேசியது. நம்மூர்க் கல்லூரி விளம்பரங்களில் நாக் தரம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நாக் கல்லூரி முழுமைக்கும் தரம் சொல்வது. என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினரானது என்.பி.ஏ. வழியாகத்தான். அடுத்த வருஷம் கவுன்சிலிங்குக்குப் போகும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், சேரும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

சரி, அப்படியானால் இங்கே ஃப்ரெஷருக்கு ஒரு வாசல்கூட இல்லையா என்றால், இருக்கிறது. எந்த வேலைக்குக் கன்சல்டன்ட் ஒப்புதல் தேவையில்லையோ, அங்கே இருக்கிறது.

பம்ப், வால்வு, கேபிள், ஏசி டக்ட், தீயணைப்புக் கருவி விற்கும் டிரேடிங் கம்பெனிகள் ராஸ் அல் கோரிலும் அல் கோஸிலும் சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாக்களிலும் அபுதாபி முசாஃபாவிலும் இருக்கின்றன. அவர்களுக்கு டெக்னிக்கல் சப்மிட்டல் தயாரிக்கவும் கொட்டேஷன் போடவும் ஆள் வேண்டும். காண்ட்ராக்டர் ஆபீஸில் எஸ்டிமேஷன் பிரிவில் டிராயிங்கைப் பார்த்து அளவெடுக்கும் ஆள் வேண்டும். மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் கியூப் உடைக்கவும் மண் பரிசோதிக்கவும் ஆள் வேண்டும். ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் கம்பெனிகளில் பராமரிப்புத் திட்டம் போட ஆள் வேண்டும். சைட் ஆபீஸில் டாக்குமென்ட் கண்ட்ரோலர் வேண்டும்.

டாக்குமென்ட் கண்ட்ரோலர் என்றதும் சிலர் முகம் சுருங்குவது இங்கிருந்தே தெரிகிறது. “பி.இ. படிச்சிட்டு ஃபைல் அடுக்கவா?” என்கிறீர்கள். நான் அந்த வேலையை மதிக்கிறேன். ஒரு கட்டடத்தின் ஷாப் டிராயிங், மெட்டீரியல் சப்மிட்டல், இன்ஸ்பெக்‌ஷன் ரெக்வெஸ்ட், கன்சல்டன்ட் எழுதும் ஆட்சேபம், அதற்கு காண்ட்ராக்டர் கொடுக்கும் பதில், கடைசியில் ஆஸ்-பில்ட் வரை எல்லாம் அந்த மேசை வழியாகத்தான் போகின்றன. ஒரு டிராயிங் ஏன் திரும்பி வந்தது என்று தினமும் படிக்கிற ஒருவர், ஒரு வருஷத்தில் கற்றுக்கொள்வது கொஞ்சமல்ல. படிக்காமல் வெறும் எண் போட்டு அடுக்குகிறவர் பத்து வருஷமானாலும் அங்கேயேதான் இருப்பார். மேசையைக் குறை சொல்வதில் பயனில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. விசாவில் என்ன பதவி அடிக்கிறார்கள் என்று பாருங்கள். “இப்போதைக்கு ஹெல்பர்னு அடிச்சிக்கிறோம், அப்புறம் மாத்திக்கலாம்” என்பார்கள். அப்புறம் என்பது வருவதில்லை. நாளை நீங்கள் இன்னொரு வளைகுடா நாட்டில் பொறியாளராகப் பதிவு செய்யப் போகும்போது, உங்கள் பதவியும் உங்கள் பட்டமும் பொருந்துகிறதா என்ற கேள்வி வரும்.

இன்னொரு வாசல் பி.ஐ.எம்., அதாவது கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாடலாகச் செய்யும் முறை. துபாய் முனிசிபாலிட்டி 2013இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. நாற்பது மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும், மூன்று லட்சம் சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கும், மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கும் பி.ஐ.எம். மாடல் கட்டாயம் என்றது. 2015இல் அந்த வரம்பை இருபது மாடிக்கு இறக்கியது. அதிலிருந்து ரெவிட் மென்பொருள் தெரிந்தவர்களுக்கான தேவை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. நீங்கள் செய்த மாடலை லேப்டாப்பில் திறந்து காட்டலாம். டக்டும் பீமும் எங்கே மோதுகின்றன, அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று காட்டினால், எத்தனை வருஷம் என்று யாரும் கேட்பதற்கு முன்பே உங்கள் கை என்ன செய்யும் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு மாத கோர்ஸின் சான்றிதழை வைத்துக்கொண்டு வருகிறவர்களைச் சொல்லவில்லை. ஒரு முழு மாடியை, வீட்டில் உட்கார்ந்தாவது, தலை முதல் கால் வரை வரைந்து முடித்தவர்களைச் சொல்கிறேன்.

இங்கேயே வளர்ந்து, ஊருக்குப் போய்ப் படித்துவிட்டு, அப்பா விசாவில் திரும்பி வந்திருக்கும் பிள்ளைகளும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதை நீங்கள் உணர்வதில்லை. 2022 அக்டோபருக்குப் பிறகு மகனை 25 வயது வரை தந்தை ஸ்பான்சர் செய்யலாம். திருமணமாகாத மகளுக்கு வயது வரம்பே இல்லை. உங்களுக்கு விசா நாள் ஓடவில்லை, வாடகை ஓடவில்லை. படிக்கும்போதே கோடை விடுமுறைக்கு வருகிறீர்களே, அப்போதே முறையான பயிற்சி அனுமதியோடு ஒரு கம்பெனியில் உட்காருங்கள். கணவர் விசாவில் இருக்கும் தங்கைகளுக்கும் இதேதான். குடும்ப விசாவில் இருப்பவருக்கு ஒர்க் பெர்மிட் எடுத்தால் போதும் என்பதால் கம்பெனிக்குச் செலவு குறைவு. சிவியின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

விசிட் விசாவில் வந்தவர்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது இருக்கிறது. விசிட் விசாவில் வேலை தேடலாம், வேலை செய்யக் கூடாது. “ஒரு மாசம் ட்ரையல் பாருங்க, பிடிச்சா விசா அடிக்கிறோம்” என்று சைட்டில் இறக்கிவிடும் ஆட்கள் உண்டு. ஒர்க் பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்து வேலை வாங்கினால் கம்பெனிக்கு ஒரு லட்சம் திர்ஹத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்த அபராதம் அவர்களுக்கு. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள். அந்த ஒரு மாத உழைப்புக்குச் சம்பளம் கேட்க உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

வேலை தேடுவதற்கென்றே ஒரு விசா 2022 அக்டோபரில் வந்தது. 60, 90, 120 நாள் என்று மூன்று வகை, ஸ்பான்சர் வேண்டாம். ஆனால் அது மனிதவள அமைச்சகத்தின் முதல் மூன்று திறன் நிலைகளில் வருபவர்களுக்கும், உலகின் முதல் 500 பல்கலைக்கழகங்களிலிருந்து புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் உரியது. ஏஜென்ட் “ஜாப் சீக்கர் விசா வாங்கித் தரேன்” என்று பணம் கேட்டால், இந்த நிபந்தனையில் நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் வருகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ரமலானில் ஆபீஸ் நேரம் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் முடிவெடுக்கும் மேலாளர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். மே மாதம் ரிசல்ட் வந்த கையோடு ஜூனில் ஃபிளைட் ஏறி, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் கராமாவுக்கும் தேராவுக்கும் சிவியோடு அலையும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அந்த நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் நம் வீட்டுப் பிள்ளை.

இப்போது பணம். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், அதாவது 33ஆம் எண் ஆணைச்சட்டம், 6ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: ஆள் எடுக்கும் செலவை நேராகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்கிறவர், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

இங்கே பட்டதாரிகளுக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. கட்டட வேலைக்கு வரும், பத்தாம் வகுப்பு முடிக்காத ஒரு தொழிலாளி வளைகுடாவுக்கு வர இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தை அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக ஓர் அதிகாரி பார்ப்பார். பத்தாம் வகுப்பு தாண்டியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவர், தன்னைப் பார்த்துக்கொள்வார் என்பது அதன் பொருள். விளைவு என்ன? மேஸ்திரியின் ஒப்பந்தத்தை அரசு ஒரு முறையாவது பார்க்கிறது, பி.இ. படித்தவரின் ஒப்பந்தத்தை யாருமே பார்ப்பதில்லை. ஆகவே நீங்களேதான் பார்க்க வேண்டும். ஏஜென்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். 1978இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே பெயரைப் பதியுங்கள்.

கம்பெனி லெட்டர்ஹெட்டில் வரும் ஆஃபர் லெட்டரை மட்டும் நம்பாதீர்கள். அமீரகத்தில் மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் வரும் ஆஃபர்தான் செல்லும். அதை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பதினோரு மொழிகளை வைத்திருக்கிறார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. கேட்டு வாங்கித் தமிழில் படியுங்கள். பேசிய சம்பளம் அதில் இருக்கிறதா, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள், ஏனென்றால் கடைசியில் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலத்தில் வேறு கம்பெனிக்கு மாற ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய கம்பெனிக்கு ஆள் எடுத்த செலவைப் புதிய கம்பெனி ஈடுகட்டும். உங்களிடம் கேட்டால் அது தவறு.

இனி நான் சொல்லப்போவது சிலருக்கு வருத்தமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

போலி அனுபவச் சான்றிதழ். “ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக் கொடுத்துடலாம் மாமா, எல்லாரும் அப்படித்தான் வராங்க.” இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தெரிந்த ஒரு பில்டரிடம் லெட்டர்ஹெட் வாங்கி, முத்திரை குத்தி, பட்டச் சான்றிதழோடு சேர்த்துக் கொண்டு வருகிறார்கள். சம்பளச் சீட்டு இல்லை, வங்கியில் வரவு இல்லை, பி.எஃப். பதிவு இல்லை. அந்த அனுபவம் இரண்டாவது கேள்விக்கே தாங்காது.

நான் இன்டர்வியூவில் பெரிய தியரி எதுவும் கேட்பதில்லை. “ஸ்லாப் காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்பேன். உண்மையாகவே சைட்டில் நின்ற பிள்ளை உடனே பேச ஆரம்பிப்பான். கவர் பிளாக் உடைந்து கிடந்தது, மேல் கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கியிருந்தது, சேர் பத்தவில்லை, பிளம்பர் ஸ்லீவ் வைக்க மறந்துவிட்டார், மறுநாள் ஆர்.எம்.சி. வண்டி தாமதமாக வந்தது, ஸ்லம்ப் எடுத்தோம், ஏழாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் கியூப் வார்த்தோம் என்பான். அவன் சொல்வதில் சிமெண்ட் வாசனை வரும். காகிதத்தில் மட்டும் சைட்டில் நின்றவர் பாடப்புத்தகத்தை ஒப்பிப்பார். இரண்டையும் பிரித்தறிய ஐந்து நிமிஷம் கூட ஆகாது.

பிடிபடாமல் உள்ளே நுழைந்துவிட்டால்தான் எனக்கு அதிகக் கவலை. இரண்டு வருஷம் சைட் பார்த்தவர் என்று நம்பி, மூன்று மீட்டர் ஆழப் பள்ளத்தில் ஆட்களை இறக்கும் பொறுப்பை அவரிடம் விடுவார்கள். பக்கவாட்டு மண்ணுக்கு ஷோரிங் போதுமா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இறங்குபவர்கள் நம் ஊர் ஆட்கள், பீகார் ஆட்கள், வங்காளதேச ஆட்கள். அவர்களுக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது. மண் சரிந்தால் எந்த லெட்டர்ஹெட் அவர்களைக் காப்பாற்றும்? பொய்ச் சான்றிதழ் கொடுப்பது இந்த நாடுகளில் சிறைக் குற்றம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் சொல்கிறேன். அதை எழுதிக் கொடுக்க யோசிக்கும் மாமாக்கள் இந்த அரங்கில் இருந்தால், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

அப்படியானால் உண்மையான இரண்டு வருஷத்தை எங்கே சம்பாதிப்பது? என் துணிந்த கருத்து: ஊரில். இப்போதைய தமிழ்நாட்டில் அது முடியும்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி எல்லாம் அதற்குக் கடன் கொடுக்கின்றன. இப்படிப் பன்னாட்டு வங்கிப் பணம் வரும் வேலைகளில் ஒப்பந்தமும் காகித நடைமுறையும் பெரும்பாலும் நான் முதலில் சொன்ன ஃபிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். மெத்தட் ஸ்டேட்மென்ட் எழுதுவது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெக்வெஸ்ட் கொடுப்பது, ஆட்சேபம் வந்தால் மூடுவது என்று துபாயில் செய்யும் அதே காரியத்தை அங்கே ஒரு சப்-காண்ட்ராக்டரிடம் சேர்ந்த ஃப்ரெஷர் முதல் மாதத்திலிருந்தே செய்கிறார். சம்பளம் குறைவு, எனக்குத் தெரியும். மாதவரத்திலோ போரூரிலோ தூசியில் நிற்பது சிரமம், அதுவும் தெரியும். ஆனால் அங்கே நின்றவர் சிவியை நான் கன்சல்டன்ட் முன்னால் கூச்சமில்லாமல் வைக்க முடியும்.

எலெக்ட்ரிகல் படித்தவர்களுக்குச் சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் இங்கே வந்திருக்கிறீர்கள்! அதே மாவட்டத்தில் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இங்கே அபுதாபி சுவைஹானில் 2019இல் 1,177 மெகாவாட், பிறகு அல் தஃப்ராவில் 2,000 மெகாவாட், துபாயின் பாலைவனத்தில் இன்னும் வளர்ந்துகொண்டே போகும் சூரிய மின் பூங்கா. இன்வெர்ட்டர், ஸ்ட்ரிங், டிசி கேபிள், தூசி துடைக்கும் சிக்கல் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றே. கமுதியில் கற்றது இங்கே விலைபோகும். மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் இருக்கின்றன.

வேலையே கிடைக்கவில்லை என்றால் அப்ரண்டிஸ் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் பொறியியல் பட்டதாரிகளை 1973இல் சேர்த்தார்கள். சென்னை தரமணியில் தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் இருக்கிறது. ஒரு வருஷப் பயிற்சி. 2019 விதி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தது. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் வாரியத்திடமிருந்து வருகிறது. மத்திய, மாநில நிறுவனங்களிலும் பெரிய தனியார் ஆலைகளிலும் இடம் உண்டு. ஒன்பதாயிரம் என்று கேட்டு எத்தனை பெற்றோர் முகம் திருப்புகிறார்கள்! அதே பெற்றோர் விசிட் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நகையை அடகு வைக்கத் தயங்குவதில்லை. அந்த நகையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு வருஷ வாடகையை மட்டும் கொடுங்கள் என்பேன்.

அந்த இரண்டு வருஷமும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் பெயர், கிளையண்ட், கன்சல்டன்ட், மதிப்பு, நீங்கள் பார்த்த பகுதி, எத்தனை கன மீட்டர் காங்கிரீட், எத்தனை மீட்டர் குழாய், எந்த டிராயிங், எந்தத் தவறு நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். வளைகுடா சிவி கேட்பது இதைத்தான். ‘ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர்’ என்ற வரிகளை நாங்கள் படிப்பதே இல்லை.

காகிதங்களையும் அந்தக் காலத்திலேயே தயார் செய்துவிடுங்கள். புரொவிஷனலை வைத்துக்கொண்டு வராதீர்கள், கான்வகேஷன் சான்றிதழை வாங்குங்கள். ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவுதி ஆகியவற்றுக்கு டெல்லியின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லை. அவற்றுக்குத் தூதரக அட்டெஸ்டேஷன் வேண்டும், பிறகு அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலும். வேலை கிடைத்த பிறகு அவசரமாக ஊருக்குச் சான்றிதழ் அனுப்பி, அது வரும் முன் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்ட கதை இங்கே நிறைய உண்டு.

கடைசியாக, அழைத்து வந்தவர்களிடம் இரண்டு வார்த்தை. பிள்ளையின் சிவியை நூறு வாட்ஸ்அப் குழுவில் போடுவதைவிட, உங்கள் கம்பெனிக்கு வேலை செய்யும் ஒரு சப்-காண்ட்ராக்டரின் ஃபோர்மேனிடம் அவனை அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள்; பேச விடுங்கள். விசா முடிந்தும் எதுவும் கிடைக்கவில்லை என்றால், ஓவர்ஸ்டே ஆக விடாமல் அனுப்பிவையுங்கள். நீங்களே ஊருக்குப் போன் செய்து, “அவன் மேல தப்பில்ல, இங்க இப்ப எடுக்கிற முறை இப்படி, ரெண்டு வருஷம் அங்க வேலை பாக்கட்டும், நானே திரும்பக் கூப்பிடறேன்” என்று அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். அந்த வார்த்தையை அவன் சொன்னால் சாக்காகத் தெரியும். நீங்கள் சொன்னால் ஏற்பார்கள். தோற்று வந்தவன் என்ற பெயரோடு ஒரு பிள்ளை ஊர்த் தெருவில் நடக்க வேண்டாம்.

நான் இன்னும் இரண்டு மணி நேரம் இங்கேதான் இருப்பேன். எஸ்டிமேஷனிலும் பி.ஐ.எம். வேலையிலும் இருக்கும் நண்பர்கள் சிலரையும் அழைத்து வந்திருக்கிறேன். பின்வரிசையில் இருக்கும் மேசைகளில் உட்காருவார்கள். சிவி கொண்டு வந்தவர்கள் அவர்களிடம் காட்டுங்கள், மாடல் செய்தவர்கள் லேப்டாப்பைத் திறந்து வையுங்கள். ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் சந்தேகம் இருப்பவர்கள் என்னிடம் வாருங்கள், சேர்ந்து படிப்போம். யாராவது ஏஜென்டிடம் பணம் கட்டியிருந்தாலோ, பாஸ்போர்ட்டை யாராவது வாங்கி வைத்திருந்தாலோ, அவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், முதலில் வாருங்கள். இந்தியத் தூதரகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திராவுக்கு 800 46342 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். இங்கிருந்தே இப்போதே சேர்ந்து பேசிவிடலாம்.